தூக்குமேடைக்கு முன் ஆணும் பெண்ணும்

(மைசூரில் சட்ட மாணவர்களும் தமிழ் வாசகர்களும் கூடியிருந்த அவையில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழர்கள் கூடிய இடத்தில் மரண தண்டனை என்று தலைப்புக் கொடுத்தால், பேச வருகிறவர் முதல் வேலையாக மதுரைக்குப் போய்க் கண்ணகியை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். இன்று அவளைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. கோவலனுக்காக அவள் வாதாடியது அவன் வெட்டுப்பட்ட பிறகு. நான் பேச வந்தது அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலையைப் பற்றி. அதற்கு மதுரை வரை போக வேண்டாம். இந்த மைசூரே போதும்.

1993 ஏப்ரல் 9. மாதேஸ்வரன் மலைப் பக்கம், பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடி வெடித்து 22 பேர் இறந்தார்கள். வீரப்பனைத் தேடிப் போன போலீஸ்காரர்கள், வனத்துறை ஆட்கள், அவர்களோடு வழிகாட்டப் போனவர்கள். அதன் பிறகு நடந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். மலையடிவார ஊர்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்து வந்து மைசூர் சிறையில் போட்டார்கள். ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும் இருந்தார்கள். வருடக்கணக்காகக் கிடந்தார்கள். 2001-இல் மைசூர் தடா நீதிமன்றம் பெரும்பாலோரை விடுதலை செய்தது. சிலருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தச் சிலரில் நால்வர் சைமன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையன், பிலவேந்திரன்.

தடா வழக்கில் உயர் நீதிமன்றம் கிடையாது. மேல்முறையீடு நேரே தில்லிக்குத்தான். நால்வரும் போனார்கள். தண்டனை குறையும் என்று போனவர்களுக்கு, "ஏன் கூட்டக் கூடாது?" என்று உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் கொடுத்தது. 2004 ஜனவரியில் ஆயுள் தண்டனை தூக்காக மாறியது. மேல்முறையீடு செய்யாமல் சும்மா இருந்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கைப் பாடமாகப் படிப்பார்கள். அந்த மலைப் பகுதியில் மார்டள்ளிப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள்: "அப்பீல் போனதால்தான் தூக்கு வந்தது."

நால்வரும் பெலகாவியில் உள்ள ஹிண்டல்கா சிறைக்குப் போனார்கள். இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். கருணை மனு ஒன்பது ஆண்டு கிடப்பில் கிடந்து, 2013 பிப்ரவரியில் தள்ளுபடி ஆனது. கயிறு தயாரான நிலையில் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். 2014 ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, இத்தனை ஆண்டு ஒருவரைச் சாவை எதிர்பார்த்து உட்கார வைத்தது தவறு என்று சொல்லி, தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சத்ருகன் சௌஹான் வழக்கு என்று அதற்குப் பெயர். ஞானப்பிரகாசம் 2022 டிசம்பரில் புற்றுநோயோடு மைசூர் சிறையிலிருந்து பிணையில் வெளியே வந்தார்.

அந்தத் தீர்ப்பால் மொத்தம் 15 பேர் பிழைத்தார்கள். அதில் ஒரு பெண் இருந்தாள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரியானாவைச் சேர்ந்த சோனியா. 2001-இல் கணவனோடு சேர்ந்து, முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான தன் தகப்பனார் உட்படக் குடும்பத்தில் எட்டுப் பேரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவள். கணவனுக்கும் தூக்கு, அவளுக்கும் தூக்கு. இருவருக்கும் ஒரே காரணத்தால், ஒரே நாளில் குறைப்பு. தாமதத்துக்கு ஆண் பெண் தெரியாது. இந்திய மரண தண்டனை வரலாற்றில் பால் வேறுபாடு பார்க்காமல் வேலை செய்த கோட்பாடு ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். மற்ற எல்லா இடங்களிலும் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும்தான் கூண்டில் ஏறுகிறார்கள்.

நம் வீட்டு வழக்குக்கே வருகிறேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் மிச்சமில்லை. பழ. நெடுமாறன் தலைமையில் ஒரு குழு அமைந்து, ஊர் ஊராகப் பணம் திரட்டி வழக்கை நடத்தியது. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் என். நடராசன் வாதாடினார். 1999 மே மாதம் தீர்ப்பு வந்தபோது 26 தூக்கு நான்காகக் குறைந்திருந்தது: நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன். மரண தண்டனை வழக்கில் எதிர்த்தரப்பு வாதம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்று போதும். விசாரணை நீதிமன்றம் விதித்ததில் 22 பேருடைய தூக்கு, பைசா பைசாவாகச் சேர்த்த பணத்தில் நடந்த வாதத்தால் போனது. பலர் அன்றே விடுதலை.

நளினி விஷயத்தில் மூன்று நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. நீதிபதி கே.டி. தாமஸ் தூக்கு வேண்டாம் என்றார். அவள் ஒரு பெண், காதலால் இழுக்கப்பட்டவள், சிறையில் பெற்ற சின்னக் குழந்தை இருக்கிறது, தகப்பன் முருகனுக்கும் தூக்கு என்பதால் அந்தக் குழந்தை அநாதையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களின் சாரம். பெண் என்பதோ காவலில் இருக்கும்போது குழந்தை பெற்றாள் என்பதோ தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்று நீதிபதி வாத்வா எழுதினார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தூக்கு உறுதியானது. 2000 ஏப்ரலில் தமிழ்நாட்டு அமைச்சரவை பரிந்துரைக்க, ஆளுநர் பாத்திமா பீவி நளினியின் தண்டனையை மட்டும் ஆயுளாகக் குறைத்தார்.

எனக்கு அந்த முடிவில் மகிழ்ச்சிதான். ஒரு உயிர் பிழைத்தது. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவரும் இருந்தார். அவரும் சிறையில்தான், அதே வழக்கில். குழந்தை அநாதையாகக் கூடாது என்பதுதான் காரணம் என்றால், இருவரில் ஒருவர் பிழைத்தால் போதும் என்று கணக்கு முடிந்துவிட்டது. யார் பிழைக்க வேண்டும் என்று யாரும் விவாதிக்கக்கூட இல்லை. தாய்தான், வேறு யார்? முருகனின் தகப்பன் ஸ்தானத்தை எந்தக் கோப்பிலும் எவரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை. அவரையும் மற்ற இருவரையும் பதினான்கு ஆண்டு கழித்து, 2014 பிப்ரவரி 18 அன்று காப்பாற்றியது, சற்று முன்னால் சொன்ன அந்தத் தாமதக் கோட்பாடு. பாலாற்று நால்வருக்கும் மற்றவர்களுக்கும் கிடைத்த தீர்ப்பின் மேல் ஏறித்தான் வேலூர் சிறையின் மூவரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். இந்த மைசூருக்கும் அந்த வேலூருக்கும் உள்ள சம்பந்தம் அது.

"தாய் என்பதால்" என்கிற வாதம் எங்கே பிறந்தது? 1974 பிப்ரவரியில், எடிகா அனம்மா வழக்கில். ஆந்திரத்தில் ஒரு கிராமத்துப் பெண், இருபத்து நான்கு வயது. கள்ள உறவில் போட்டியாக இருந்த இன்னொரு பெண்ணையும் அவள் கைக்குழந்தையையும் கொன்றாள். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு, உயர் நீதிமன்றமும் தூக்கு. உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ண ஐயர் முன் வந்தது. அவர் குற்றத்தைத் தாண்டிக் குற்றவாளியைத் தேடினார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் குற்றவாளியின் வாழ்க்கையைப் பதிவு செய்ய இடமே இல்லை. ஆகவே சாட்சியங்களுக்கு நடுவில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி எடுத்தார்: மாமனார் அவளை வீட்டை விட்டுத் துரத்தியது, இளம் வயது, சின்ன மகன் ஒருவன் இருப்பது. இவற்றோடு பெண் என்பதையும், கட்டுக்கு அடங்காத காமம் என்பதையும் சேர்த்து எழுதினார். ஆயுள் தண்டனை.

மிகப் பெரிய தீர்ப்பு. தூக்குதான் வழக்கம் என்றிருந்த நாட்டை, தூக்குக்குக் காரணம் சொல் என்று கேட்கும் நாடாகத் திருப்பியதில் அதற்குப் பங்குண்டு. அதே 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், தூக்கு விதித்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும், தண்டனை குறித்துத் தனியாகக் கேட்க வேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு அரிதிலும் அரிதான வழக்கு என்ற அளவுகோலைக் கொடுத்தது. இத்தனையும் ஒத்துக்கொண்டு, ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அனம்மாவைக் காப்பாற்றிய அந்தப் பேனா, அவளை அறிவுக்கு எட்டாத ஒரு பிறவியாக எழுதித்தான் காப்பாற்றியது. பெண் என்றால் உணர்ச்சிக் கொந்தளிப்பு, உடல் வேகம், தாய்மை. அவள் யோசித்துச் செய்தாள், யோசித்துச் செய்தும் திருந்தக்கூடியவள் என்று எழுத அன்றைக்கு மொழி இல்லை போலும்.

பச்சன் சிங் தீர்ப்பில் தண்டனையைத் தணிக்கும் காரணங்களின் பட்டியல் இருக்கிறது. வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு, இன்னொருவரின் ஆதிக்கத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்தது என்று போகும். பெண் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாமலே நீதிமன்றங்கள் அதை உள்ளே கொண்டுவந்தன. கொண்டுவந்தவர்கள் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்: தங்களுக்குப் பிடித்த பெண்ணாக அவள் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கு அடங்காத பெண்களின் கதை இனிமேல்தான்.

2025 ஜனவரி 20, ஒரு திங்கட்கிழமை. நெய்யாற்றின்கரை நீதிமன்றம், கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த கிரீஷ்மா என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்குத் தூக்கு விதித்தது. காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்த வழக்கு. அதே நாள் கொல்கத்தாவில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரை வன்கொடுமை செய்து கொன்ற சஞ்சய் ராய்க்கு சியால்டா நீதிமன்றம் ஆயுள் கொடுத்தது. இது அரிதிலும் அரிதான வழக்கில்லை, மக்கள் கொதிப்பைப் பார்த்துத் தண்டனை எழுத முடியாது என்றார் நீதிபதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா ஆண்-பெண் பாகுபாடு என்று கத்துவது சுலபம். வேறு மாநிலம், வேறு நீதிபதி, வேறு சாட்சியம். இரண்டு தீர்ப்பை வைத்து நாட்டுக்கே வைத்தியம் சொல்ல முடியாது. கொல்கத்தா நீதிபதி சரியாகச் செய்தார் என்பது என் கட்சி. நெய்யாற்றின்கரையும் அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதும் என் கட்சி.

கிரீஷ்மாவின் வழக்கு நடந்த காலமெல்லாம் டிவியிலும் டீக்கடையிலும் பேசப்பட்டது விஷத்தைப் பற்றி இல்லை. அவன் சாகும் தருவாயிலும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, அப்பேர்ப்பட்ட காதலை அவள் ஏமாற்றினாள் என்பதைப் பற்றி. முன்குற்றம் ஏதும் இல்லாத, படித்துக்கொண்டிருந்த இளம் வயதுக்காரி. அந்த வயது அவளுக்கு உதவவில்லை. காதலித்த பெண்ணைக் கழுத்தறுத்த, ஆசிட் ஊற்றிய இளைஞர்கள் பலரின் வழக்குகளில் இதே வயது முதல் வரியிலேயே உதவியிருக்கிறது. காதலில் ஏமாந்த ஆணின் கோபம் புரிந்துகொள்ளத்தக்கதாகவும், காதலில் ஏமாற்றிய பெண்ணின் செயல் மன்னிக்க முடியாததாகவும் நம் காதில் ஒலிக்கிறது. நீதிபதிகளும் நம் ஊரில்தான் வளர்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்து ஷப்னம் இன்னொருத்தி. ஆசிரியை. 2008 ஏப்ரலில், காதலனோடு சேர்ந்து தன் குடும்பத்தில் ஏழு பேரைக் கொன்றதாக வழக்கு. இருவருக்கும் தூக்கு. அவளைத் தூக்கிலிட்டால் சுதந்திர இந்தியாவில் தூக்கிலிடப்படும் முதல் பெண் என்று பத்திரிகைகள் எழுதும். 1955-இல் தில்லியில் ஒரு பெண்ணைத் தூக்கிலிட்டதாகப் பதிவு உண்டு என்று மறுப்பவர்களும் உண்டு. அந்தப் போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. என் கண்ணில் படுவது வேறு. கைதாகும்போது அவள் கர்ப்பிணி. 2008 டிசம்பரில் சிறையில் மகன் பிறந்தான். 2010 ஜூலையில் தண்டனை. கர்ப்பிணிக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றம் அதைக் கட்டாயம் ஆயுளாக மாற்ற வேண்டும் என்பது நம் சட்டம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 456-ஆம் பிரிவு. விசாரணை சில மாதங்களில் முடிந்து, மகன் வயிற்றில் இருக்கும்போதே தண்டனை வந்திருந்தால் அன்றைய சட்டம் தூக்கைத் தள்ளிவைத்து, ஆயுளாக மாற்றவும் கை கொடுத்திருக்கலாம். மகன் பிறந்து, தவழ்ந்து, நடந்த பிறகு தண்டனை வந்ததால் கை கொடுக்கவில்லை. சட்டம் காப்பாற்றுவது வயிற்றை. வயிற்றை விட்டு வெளியே வந்த பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவன் தகப்பனுக்கும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளிய ஆறே நாளில் செஷன்ஸ் நீதிபதி தூக்கு வாரண்டில் கையெழுத்துப் போட்டார். சீராய்வு மனு, கருணை மனு எதற்கும் காத்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றமே அந்த வாரண்டை ரத்து செய்து, தூக்குக் கைதிக்கும் மானம் உண்டு, கடைசி வழிவரை போக உரிமை உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு நாட்டில் எந்தத் தூக்கு வாரண்டையும் எதிர்க்கப் போகும் வழக்கறிஞர் கையில் இருக்கும் முதல் ஆயுதம் ஷப்னம் வழக்கின் தீர்ப்பு. ஊரே வெறுத்த பெண்ணின் பெயரால் ஆண் கைதிகள் பிழைக்கிறார்கள்.

கோலாப்பூர் சகோதரிகள் ரேணுகா ஷிண்டே, சீமா காவித் வழக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பிள்ளைகளைக் கடத்தித் திருட்டுக்குப் பயன்படுத்தி, தேவை தீர்ந்ததும் கொன்ற வழக்கு. படிக்கவே நெஞ்சு நடுங்கும். தாயும் இரண்டு மகள்களும் குற்றவாளிகள், தாய் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட்டாள், மகள்களுக்குத் தூக்கு. நான்காவதாக ரேணுகாவின் கணவனும் இருந்தான். அவன் அப்ரூவர் ஆனான். மன்னிப்புப் பெற்று வெளியே போனான். அப்ரூவர் இல்லாமல் வழக்கு நின்றிருக்காது என்பார்கள், இருக்கலாம். ஆனால் பேரம் பேசும் அறைக்குள் யார் முதலில் நுழைகிறார்கள், யாருக்கு அந்த அறை இருப்பதே தெரியாது என்று பார்க்க வேண்டும். வெளியே வக்கீல் வைத்து ஓடியாட ஆள் இருப்பவர்தான் நுழைவார். சகோதரிகளின் தூக்கை 2022 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுளாக்கியது. காரணம் மறுபடியும் தாமதம்.

இதுவரை பெண் குற்றவாளியைப் பற்றிப் பேசினேன். கொல்லப்பட்டவர் ஆணா பெண்ணா என்பதும் தண்டனைக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்கு உதாரணம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2009 ஜூலையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியிலிருந்து திரும்பும்போது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். சுந்தரராஜன் என்ற இளைஞருக்கு 2010 ஜூலையில் தூக்கு. செப்டம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டே மாதம். 2013-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போது தூக்குக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பெற்றோருக்கு மூன்று பெண்ணும் ஒரு பையனும். ஒரே ஆண் பிள்ளையைக் கொன்றுவிட்டான். வம்சத்தை வளர்க்க வேண்டியவன், வயதான காலத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் போய்விட்டான். அந்த வேதனை அளவிட முடியாதது என்று எழுதினார்கள். அப்படியானால் அந்த வீட்டு மூன்று பெண்களில் ஒருத்தியைக் கொன்றிருந்தால் தூக்கின் எடை கொஞ்சம் குறைந்திருக்குமா? இந்தக் கேள்வியை அப்போது நீதிமன்றம் கேட்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 2023 மார்ச் 21 அன்று, சீராய்வில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு கேட்டது. கொல்லப்பட்ட குழந்தை ஆண் என்பதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக எடுக்கக் கூடாது, அது ஆணாதிக்க மதிப்பீடு என்று சொன்னது. இன்னொன்றையும் சொன்னது. தணிக்கும் காரணம் எதையும் எந்த நீதிமன்றமும் உருப்படியாக விசாரிக்கவே இல்லை. சிறையில் அவர் ஒழுங்காக இருந்ததும், உணவுத் தொழிலில் பட்டயம் படித்து முடித்ததும் நீதிமன்றத்துக்கு மறைக்கப்பட்டிருந்தன. அதற்காகக் காவல் ஆய்வாளருக்கு அவமதிப்பு நோட்டீஸ் போனது. தூக்கு போய், இருபது ஆண்டு குறைப்பில்லாத சிறை வந்தது. பையன் என்பதால் கூடின தண்டனையும், வாழ்க்கையைப் பார்க்காததால் கூடின தண்டனையும் ஒரே தீர்ப்பில் சேர்ந்து கிடந்தது தற்செயல் இல்லை. ஆளைப் பற்றிய விவரம் இல்லாத இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். கைக்கு எட்டுவது ஊர் நம்பிக்கைதான்.

இந்த மைசூர் பஸ் ஸ்டாண்டையும் சொல்லாமல் போக முடியாது. 'சயனைடு மோகன்' என்று பெயர் வாங்கிய ஆசிரியர், வரதட்சணை வேண்டாம், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லி ஏழைப் பெண்களை அழைத்து வந்து, கர்ப்பத் தடை மாத்திரை என்று சயனைடு கொடுத்தார். மைசூர், மடிகேரி, ஹாசன், பெங்களூரு பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளில் பெண்கள் செத்துக் கிடந்தார்கள். இருபது பேர். ஒவ்வொன்றும் இயற்கைக்கு மாறான மரணம் என்று ஒரு பதிவேட்டில் ஏறி, தற்கொலை என்று மூடப்பட்டது. ஆண்டுக்கணக்காக. 2009-இல் பிடிபட்டபின் அரசாங்கம் தூக்குக் கேட்டது, மங்களூர் நீதிமன்றம் 2013-இல் கொடுத்தது, 2017-இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. அங்கே அவர் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். கோயில்களில் பெண்களுக்குத் தீர்த்தம் என்று சயனைடு கொடுத்த கெம்பம்மாவுக்கும் தூக்கு கொடுத்துப் பின்னர் குறைத்தார்கள். பெண்களுக்கு நீதி என்று தூக்குக் கயிற்றைத் தூக்கிக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது: அந்த மரணப் பதிவேட்டில் ஏறிய முதல் பெண் யார் என்று விசாரித்திருந்தால் மீதிப் பத்தொன்பது பேர் இருந்திருப்பார்களே?

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். செஷன்ஸ் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்தபின் ஒரு இடைவேளை வரும். அன்று மத்தியானமோ, மறுநாளோ. கூண்டில் நிற்பவரிடம் நீதிபதி, "தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். ஆண் என்றால் கைகூப்பிச் சொல்வார்: "வயசான அம்மா இருக்காங்க ஐயா. கல்யாணத்துக்குத் தங்கச்சி இருக்கா. குறைச்சுப் போடுங்க." பெண் என்றால்: "சின்னப் புள்ளைங்க ஐயா. பார்த்துக்க ஆள் இல்ல." தட்டச்சு செய்பவர் இரண்டு வரியில் அடித்து முடிப்பார். வக்கீல் எழுந்து, "முதல் குற்றம், இளம் வயது, கருணை காட்ட வேண்டும்" என்று சொல்லி உட்காருவார். அவ்வளவுதான் ஒரு வாழ்க்கையின் விசாரணை. தனக்குப் பிள்ளைகள் இருப்பதை அந்த ஆண் சொல்வது அபூர்வம். தான் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியதை அந்தப் பெண் சொல்வதும் அபூர்வம். கோர்ட்டுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, தூக்குக் கைதிகள் 373 பேரிடம் பேசியது. முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பெண்கள் 12 பேர். பன்னிரண்டு பேருமே பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அல்லது சிறுபான்மை மதத்தினர். உயர் நீதிமன்றத்தில் தங்களுக்காக வாதாடிய வக்கீலைப் பார்த்ததே இல்லை என்றவர்கள், அதைப் பற்றிப் பேசியவர்களில் 68 சதவீதம். கட்சிக்காரர் முகம் தெரியாத வக்கீலுக்கு அவர் ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் தெரியும். பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று ஆய்வு இல்லாமலே தெரிவது. தூக்குக் கைதியான ஆணுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெண் நடந்துகொண்டிருப்பாள். அற்புதம்மாள் மகன் பேரறிவாளனுக்காக முப்பது ஆண்டுக்கு மேல் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. மனு எழுதி, நகல் எடுத்து, வக்கீல் வாசலில் உட்கார்ந்து, மந்திரி வீட்டில் காத்துக் கிடந்து. தூக்குக் கைதியான பெண்ணுக்குப் பின்னால் அப்படி நடக்கும் கணவனையோ தகப்பனையோ தேடிப் பாருங்கள். கைதிகளைப் பார்க்கும் நாளன்று பெண்கள் சிறை வாசலில் கூட்டம் குறைவு.

"பெண் என்று சொல்லி வாதாடலாமா சார்? அது பெண்ணைத் தாழ்த்துவதில்லையா?" என்று இளைய வழக்கறிஞர்கள், குறிப்பாகப் பெண் வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். வாதாடுங்கள். கொள்கைக்காகக் கட்சிக்காரரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் வெறும் 'பெண்', வெறும் 'தாய்' என்று நிறுத்தாதீர்கள். அது நீதிபதிக்குப் பிடித்த தாயாக அவள் இருக்கும்வரைதான் செல்லும், அரசுத் தரப்பு, "பெற்ற தாயா இவள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போய்விடும். எத்தனை வயதில் கட்டிக்கொடுத்தார்கள், அடி வாங்கியதற்கு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு இருக்கிறதா, பிரசவத்துக்குப் பின் மனநிலை எப்படி இருந்தது, யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தாள், அந்தப் பிள்ளைகளை நிஜமாகவே யார் வளர்த்தார்கள். இவை விவரங்கள். விவரத்தை எவரும் சுலபமாகக் கவிழ்க்க முடியாது.

அதே கேள்விகளை ஆணிடமும் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த சமத்துவம். தென்னாப்பிரிக்காவில் 1994-இல் மண்டேலா, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் கைதிகளை விடுவித்தார். மனைவியை இழந்த ஹியூகோ என்ற கைதி, "என் பிள்ளைக்கும் நான் ஒருவன்தானே" என்று வழக்குப் போட்டார். 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் மண்டேலா செய்தது அநியாயமில்லை என்றது. பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை என்ற பழைய வழக்கத்தையே இது கெட்டிப்படுத்துகிறது என்று நீதிபதி கிரீக்லர் மறுத்து எழுதினார். பத்தாண்டு போயிற்று. 2007-இல் அதே நீதிமன்றம், தண்டனை பெறுகிறவர் ஒரு குழந்தையை முக்கியமாக வளர்க்கிறவர் என்றால் அந்தக் குழந்தையின் நலனைப் பார்த்தாக வேண்டும் என்று விதி செய்தது. ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. வளர்க்கிறவர் யார் என்பதுதான். நமக்கும் அப்படி ஒரு வரி போதும்.

அந்த வரி வரும்வரை கையில் இருப்பதை வைத்து வேலை செய்ய வேண்டும். தாமதத்தை நம்பி இனி உட்கார முடியாது. கருணை மனுவை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று இப்போதைய நடைமுறைச் சட்டம் கெடு வைத்துவிட்டது. ஆனால் 2022 மே 20 அன்று வந்த மனோஜ் வழக்குத் தீர்ப்பு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம், படிப்பு, வறுமை, மனநிலை, சிறை நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றத்திலேயே கேட்டு வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் உத்தரவிட்டிருக்கிறது. அரசுத் தரப்பும் தர வேண்டும்.

முன்வரிசையில் இருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு கொலை வழக்கு உங்கள் கைக்கு வரும் நாளில், குற்றப்பத்திரிகை நகலோடு மனோஜ் தீர்ப்பையும் எடுத்துவையுங்கள். தண்டனை நாள் வரை காத்திராமல் முதலிலேயே மனுப் போடுங்கள். சிறைக்குப் போய் முகம் பார்த்துப் பேசுங்கள்; பிறகு ஊருக்குப் போங்கள். கட்சிக்காரர் பெண் என்றால் அவள் வேலை பார்த்த இடத்துக்கும் போங்கள். ஆண் என்றால் அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போய் வாருங்கள்.